நீருக்கு அணையிட்ட போர்வீரர்

இக்கட்டுரை ரஞ்சன்குடிக் கோட்டையின் கதையை மீண்டும் சொல்லப்போவதில்லை. 1751இல் இங்கே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியது ஊர்ப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். அதற்கு 70 ஆண்டுகள் கழித்து, அதே ஆங்கிலக் கும்பினிப் படையின் பொறியாளராகச் சென்னைக்கு வந்தவர் ஆர்தர் காட்டன். முதல் பர்மாப் போரில் களம் கண்டவர். 1803இல் பிறந்து 1899இல் மறைந்தார், 96 வயது.

புறநானூற்றின் 18ஆம் பாட்டில், போர்வெறி கொண்ட பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் அறிவுரை சொல்கிறார். மறுமைச் செல்வமோ, வெற்றியோ, புகழோ எது வேண்டினும், பள்ளமான இடத்தில் நீரைத் தேக்கு என்பது அதன் கருத்து. நம் இராசேந்திர சோழனும் அவ்வழியே நடந்தான். கங்கை வரை சென்ற படையின் வெற்றித்தூணாக அவன் நிறுவியது சோழகங்கம் என்னும் ஏரியே என்கின்றன திருவாலங்காட்டுச் செப்பேடுகள். சீமையில் பிறந்த காட்டன் இவற்றைப் படித்திருக்க மாட்டார். ஆனால் செய்தது அதைத்தான்.

முக்கொம்பில் காவிரி பிரியும் இரண்டு கிளைகளில் கொள்ளிடம் தாழ்வானது. வெள்ளமெல்லாம் அதில் பாய, காவிரி மணல்மேடிட்டுத் தஞ்சைக் கழனிகள் காய்ந்தன. காட்டன் 1836இல் கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையும், கீழே அணைக்கரையில் கீழணையும் எழுப்பினார். மேலணை கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்துவிட்டது! காவிரிக்குள் நீர் மிகுந்து, 1845இல் அங்கும் ஓர் அணை போட்டுச் சமன்செய்ய வேண்டியதாயிற்று.

ஆழம் காணமுடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையை எங்கே கற்றார்? கல்லணையில். அதைக் கட்டிய நம் முன்னோரிடமே பாடம் கேட்டதாக அவரே எழுதிவைத்தார். ஆள்பவர் ஆளப்படுபவரைக் குரு என்று ஒப்புக்கொண்டது அக்காலத்தில் சிறிய காரியமன்று. பிறகு 1847 முதல் 1852 வரை தவளேசுவரத்தில் கோதாவரிக்கு அணையிட்டபோதும் அந்தப் பாடமே கைகொடுத்தது.

ஓய்வுபெற்ற பின்னும் அவர் சும்மாயிருக்கவில்லை. இரயிலைவிடக் கால்வாயே இந்தியாவுக்கு முதலில் தேவை என்று 1878இல் பார்லிமென்ட் குழுவின் முன் வாதாடினார்.

அவர் எழுப்பிய மேலணையின் 9 மதகுகள் 2018 ஆகஸ்டு வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டன. கீழணையோ இன்றும் பயன்தருகிறது: அங்கே பிரியும் வடவாறு வீராணம் ஏரியை நிரப்புகிறது. அந்த ஏரி நீர் சென்னை வரை போகிறது. கும்பகோணம் போகும் நம்மவர் மீன்சுருட்டி தாண்டிச் செல்லும் வழியில்தான் கீழணை இருக்கிறது. அடுத்த முறை பிள்ளைகளை இறக்கி மதகுகளைக் காட்டுங்கள்; வழியில் சோழகங்கமாகிய பொன்னேரியையும் காட்டுங்கள்.