கண்மாய் நிர்வாகம்: அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரத்தில் அதிகாரப் பகிர்வின் வரலாறு

கண்மாய் நிர்வாகம் என்பது மழைநீரைத் தேக்கிப் பாசனம் செய்யும் ஏரிகளின் உரிமை, மராமத்து, நீர்ப் பங்கீடு, வருவாய் ஆகியவற்றை ஊரும் அரசுகளும் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் முறையாகும். விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டி வட்டாரங்களில் இம்முறை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மாறிவந்துள்ளது. ஊர்ச்சபை, பாளையம், ஜமீன், மாகாண அரசு, மாநில அரசு, ஒன்றிய அரசு, ஐரோப்பியச் சமூகம் என ஒவ்வோர் அதிகார அடுக்கும் இங்குள்ள கரைகளில் தன் தடத்தைப் பதித்திருக்கிறது.

நிலமும் நீரும்

இவ்வட்டாரம் கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரிப் பூமி. வடகிழக்குப் பருவமழையே இதற்கு முதன்மையான ஆதாரம். திருச்சுழி வழியாக ஓடும் குண்டாறு மழைக்காலத்தில் மட்டுமே நீர் காணும் ஆறு. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைத் தேக்கிவைத்தால்தான் தை வரை பயிர் நிற்கும். ஒரு கண்மாய் நிரம்பி, உபரிநீர் வழியும் கலுங்கு பாய்ந்தால் அந்த மறுகால் நீர் அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும். ஆகவே மேலூர்க்காரர் கலுங்கை உயர்த்தினால் கீழூர்க்காரரின் வயல் காயும். தனி ஊர் தானே தீர்த்துக்கொள்ள முடியாத வழக்கு இது. ஊருக்கு மேலே ஓர் அதிகாரம் தேவைப்பட்டதற்கு இதுவே முதற் காரணம்.

பாண்டியர் காலம்

சாத்தூருக்கு அருகிலுள்ள எருக்கங்குடியில் கிடைத்த ஒன்பதாம் நூற்றாண்டு வட்டெழுத்துக் கல்வெட்டு, சீமாற சீவல்லபன் காலத்தில் இருப்பைக்குடி கிழவன் என்னும் தலைவன் ஏரிகள் வெட்டிய செய்தியைச் சொல்கிறது. திருநெல்வேலிப் பகுதியின் மானூர்க் கல்வெட்டு, கி.பி. 800 அளவில் சபை உறுப்பினருக்குரிய தகுதிகளை வகுக்கிறது. தொண்டை நாட்டு உத்தரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினரைக் குடவோலை முறையில் தேர்ந்ததைக் காட்டுகின்றன. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், நீர்நிலையை வெட்டுவது தலைவனின் அறமாகவும் அதைக் காப்பது சபையின் கடமையாகவும் இருந்தது புலப்படும். எனினும் பிராமணர்க்குக் கொடையளித்த பிரமதேய ஊர்களின் சபைகளில் நிலமும் கல்வியும் உடைய ஆண்களுக்கே இடம் கிடைத்தது. உழுதவருக்கும் மண் சுமந்தவருக்கும் அங்கே குரல் இல்லை.

பாளையமும் ஜமீனும்

பதினாறாம் நூற்றாண்டில் மதுரை நாயக்கர் வகுத்த பாளைய முறையில் வரியும் காவலும் பாளையக்காரர் கைக்குப் போயின. பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த இராமநாதபுரம் சேதுபதிகளின் சீமையில் திருச்சுழி, அருப்புக்கோட்டைப் பகுதிகள் அடங்கின. 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி இராமநாதபுரத்தை நிலையான பேஷ்குஷ் (கப்பம்) செலுத்தும் ஜமீனாக்கியது. விளைச்சலில் பங்கு பெறும் ஜமீன், கண்மாயை மராமத்துப் பார்க்கவும் கடமைப்பட்டிருந்தது. கடனிலும் வழக்குகளிலும் ஜமீன் மூழ்கிய காலங்களில் கரைகள் உடைந்தே கிடந்தன.

அன்றாட வேலை ஊரிடமே இருந்தது. நீர்பாய்ச்சி மடை திறந்து வயல்வாரியாகத் தண்ணீர் விடுவார். அறுவடையில் அவருக்கு நெல் கூலி. கோடையில் வீடுதோறும் ஆள் வந்து, கண்மாய்க்கு நீர் வரும் வரத்துக்காலில் மண் அள்ளுவது குடிமராமத்து. உழைப்பின் அளவு நிலத்தின் அளவைப் பொறுத்தது. மழைக் காலத்தில் கரை கசிந்தால் இரவென்றும் பாராமல் ஊரே மண்வெட்டியோடு ஓடியது.

ஆங்கிலேயச் சட்டங்கள்

வழக்கத்தைச் சட்டமாக்கும் முயற்சி 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தில் தொடங்கியது. கரை உடையும் ஆபத்தில் ஆட்களைக் கட்டாயமாக அழைக்கவும், குடிமராமத்துக்கு வராதவரிடம் தண்டம் வாங்கவும் அது வழிசெய்தது. 1908ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம், ஜமீன் கண்மாயைப் பழுதுபார்க்காவிட்டால் குடியானவர்கள் மாவட்ட ஆட்சியரிடம் முறையிடலாம் என்றது. 1910இல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து இராமநாதபுரம் மாவட்டம் அமைக்கப்பட்டபின் அந்த முறையீடு புதிய மாவட்டத்தின் ஆட்சியரிடம் போனது.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் கொண்டுவந்த இரட்டையாட்சியில் உள்ளாட்சி இந்திய அமைச்சர்களிடம் ஒப்படைக்கப்பட்டது. பாசனமோ ஆளுநரின் நிர்வாகக் குழுவிடமே ஒதுக்கி வைக்கப்பட்டது. கிராமத்தை ஆளும் உரிமை ஒரு கையிலும் கிராமத்துத் தண்ணீரை ஆளும் உரிமை மறு கையிலுமாகப் பிரிந்தன. பின்னாளில் துறைகள் பல மாறியபோதும் இந்தப் பிளவு ஆறவில்லை.

நூறு ஏக்கர் கோடு

1948ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தால் ஜமீன் கண்மாய்கள் அரசுடைமையாயின. இந்திய அரசமைப்பு, தண்ணீரை மாநிலப் பட்டியலின் 17ஆம் இனத்தில் வைத்தது. மாநிலங்களுக்கு இடையே ஓடும் ஆறுகளின் ஒழுங்குமுறையை ஒன்றியப் பட்டியலின் 56ஆம் இனத்தில் வைத்தது. காமராசர் ஆட்சியில், 1958ஆம் ஆண்டின் சென்னை ஊராட்சிச் சட்டத்தின்படி ஊராட்சி ஒன்றியங்கள் தோன்றின. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ளவை பொதுப்பணித் துறைக்கும் அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்ற பாகுபாடு நிலைபெற்றது. இன்றும் இங்குள்ளவர்கள் ‘பி.டபிள்யூ.டி. கண்மாய்’, ‘யூனியன் கண்மாய்’ என்றே பிரித்துச் சொல்கிறார்கள்.

தண்ணீர் இந்தக் கோட்டை அறியாது. துறைக் கண்மாயின் மறுகால் ஒன்றியக் கண்மாயில் விழும். ஒன்றைத் தூர்வாரி மற்றொன்றை விட்டுவிட்டால் இரண்டும் கெடும். அரசு மராமத்து வந்தபின் குடிமராமத்து தளர்ந்தது. துறைக்கு ஒதுக்கிய நிதியோ போதவில்லை. ஊரின் கை விலகிய இடத்தில் அரசின் கை முழுமையாக வந்து சேரவில்லை என்பதே சீமைக்கருவேல் மண்டிய கண்மாய்களின் கதை.

கடல் கடந்த நிதி

1980களின் நடுவில் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியுடன் தமிழக ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் தொடங்கியது. ஐரோப்பிய நாடுகள் தம் அதிகாரத்தில் ஒரு பங்கை விட்டுக்கொடுத்து அமைத்த அமைப்பு, தமிழகத்தின் மடைகளுக்கும் கலுங்குகளுக்கும் பணம் கொடுத்தது. 2007இல் உலக வங்கிக் கடனுடன் ஆற்று உபவடிநிலங்களை அடிப்படையாகக் கொண்ட பாசன வேளாண் நவீனமயத் திட்டம் வந்தது. உலக வங்கி அரசன்று. ஆயினும் கடனோடு நிபந்தனையும் வரும். விவசாயிகள் பாசனச் சங்கமாக அமைய வேண்டும் என்ற கருத்து இத்திட்டங்களில் வலுப்பெற்றது. இடையே வந்த 2000ஆம் ஆண்டின் தமிழ்நாடு பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகித்தல் சட்டம் அதற்குச் சட்ட வடிவம் தந்தது. ஊர் பல நூற்றாண்டுகளாகச் செய்துவந்த பணி, பதிவெண்ணும் தேர்தலும் கொண்ட சங்கமாகத் திரும்பி வந்தது.

73ஆம் திருத்தத்துக்குப் பின்

1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்த 73ஆம் அரசமைப்புத் திருத்தம் ஊராட்சியை மூன்றாம் அடுக்கு அரசாக ஏற்றது. பதினோராம் அட்டவணையின் 29 இனங்களில் சிறுபாசனமும் நீர் மேலாண்மையும் அடங்கும். ஆனால் எந்த அதிகாரத்தை எந்த அளவு தருவது என்பதை 243ஜி பிரிவு மாநிலச் சட்டமன்றத்திடம் விட்டது. 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்த பின்னரும் பெரிய கண்மாய்கள் துறையிடமே இருந்தன.

2005ஆம் ஆண்டின் தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் வேறொரு வழியில் ஊராட்சியைக் கண்மாய்க்குள் கொண்டுவந்தது. வேலைகளின் மதிப்பில் பாதிக்குக் குறையாமல் ஊராட்சி வழியே நடக்க வேண்டும் என அது வகுத்தது. உடலுழைப்புக் கூலியை ஒன்றிய அரசு ஏற்றது. இச்சட்டத்தின் நூறு நாள் வேலையில் வரத்துக்கால் வெட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பழைய சபையில் இடமில்லாதவர்கள் கிராம சபையில் வேலையைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றனர். 2017இல் மாநில அரசு 100 கோடி ரூபாயில் 1,519 பணிகளுடன் குடிமராமத்தை மீட்டெடுத்தது. அதில் விவசாயிகளின் பங்கு பத்து விழுக்காடு. 2018இல் ஒன்றிய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் விருதுநகரும் இராமநாதபுரமும் இடம்பெற்றதால் மாவட்டத் தரவுகள் டெல்லியிலிருந்து கண்காணிக்கப்பட்டன.

ஒரு கண்மாய், பல துறைகள்

இன்று ஒரு பெரிய கண்மாயில் கரை, மடை, கலுங்கு ஆகியவை 2021இல் தனியாக்கப்பட்ட நீர்வளத் துறையின் பொறுப்பு. நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்கு. ஆக்கிரமிப்பை அகற்றத் தாசில்தார் வரவேண்டும். வண்டல் மண் கனிமச் சட்டத்துக்கு உட்பட்டது. 2024 முதல் அனுமதி வழங்கும் அதிகாரம் தாசில்தாருக்குத் தரப்பட்டுள்ளது. சமூகக் காடாகக் கருவேல் வைத்த இடத்தில் வனத்துறையும் பங்காளி. மீன் ஏலம் கண்மாய் யாருடையது என்பதைப் பொறுத்து அமையும். மடைப்பலகை உடைந்தால் விவசாயி எந்த அலுவலகத்தில் மனுக் கொடுப்பது என்று தெரியாமல் அலைவது இதன் விளைவு.

ஆறுகளின் அரசியல்

நரிக்குடிப் பக்கத்துக் கண்மாய்கள் கிருதுமால் நதியை நம்பியவை. அதற்கு மதுரையை அடுத்த விரகனூர் மதகணையிலிருந்து வைகை நீர் வரவேண்டும். வைகை அணைக்குப் பெரியாற்று நீர் வருகிறது. பெரியாறு அணை நிற்பதோ கேரளத்தில். அதை இயக்குவது 1886ஆம் ஆண்டின் 999 ஆண்டுக் குத்தகைப்படி தமிழ்நாடு. அணையின் நீர்மட்டத்தை 142 அடியாக 2014இல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆகவே நரிக்குடி விவசாயியின் நெல், ஊர்க் கூட்டம் முதல் உச்ச நீதிமன்றம் வரை எல்லா அடுக்குகளையும் தாண்டித்தான் கதிர் பிடிக்கிறது. 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட காவிரி – வைகை – குண்டாறு இணைப்புத் திட்டமும் இத்தகையதே. சுமார் 262 கிலோமீட்டர் கால்வாய் வழியே காவிரியின் வெள்ள உபரி குண்டாற்றை எட்டும் என்பது திட்டம். கர்நாடகம் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றது.

இன்றைய நிலை

தமிழகத்தின் 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5இல் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றனர். விருதுநகர் மாவட்டமும் அவற்றுள் ஒன்று. பதினைந்தாம் நிதிக்குழு மானியத்தில் அறுபது விழுக்காடு குடிநீர், சுகாதாரம் போன்ற செலவுகளுக்கெனக் கட்டிவைக்கப்பட்டதால், தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தபோதும் அதன் கை நீளவில்லை.

மேலடுக்குகள் தேவையற்றவை என்று இவ்வரலாறு காட்டவில்லை. பெரியாற்றையும் காவிரியையும் ஓர் ஊர் பேசித் தீர்க்க முடியாது. வறட்சி ஆண்டில் கூலி கொடுக்க ஒன்றிய அரசின் கருவூலம் வேண்டும். ஆனால் மடையைத் திறக்கவும் வரத்துக்காலைச் சீர்செய்யவும் ஊரைவிடத் தகுந்த அதிகாரம் வேறில்லை. நூறு ஏக்கர் கோட்டை நீக்கி, ஒரு நீர்வரத்தில் தொடர்ந்துவரும் கண்மாய்கள் அனைத்தையும் அந்தந்த ஊராட்சிகளின் கூட்டமைப்பிடம் நிதியோடு ஒப்படைக்க மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. அதற்குப் புதிய அரசமைப்புத் திருத்தம் வேண்டியதில்லை.