ஸ்காட் ஜாப்ளின்: ஒரு சென்ட் உரிமையும் பெயரில்லாத கல்லறையும்

கீபோர்டு வகுப்புக்குப் போன தோழர்கள் பலர் ‘தி என்டர்டெய்னர்’ என்ற மெட்டை ஒருமுறையாவது வாசித்திருப்பார்கள். அமெரிக்காவில் ஐஸ்கிரீம் வண்டிகள்கூட அதை ஒலிக்கவிட்டபடி தெருவுக்குள் வரும். 1902இல் அதை வெளியிட்டவர் ஸ்காட் ஜாப்ளின், அடிமையாக இருந்த ஒருவரின் மகன். 1917இல் அவர் இறந்தபோது கல்லறைக்கு ஒரு பெயர்க்கல்கூட வைக்கப்படவில்லை. மெட்டு உலகம் முழுக்கப் போனபோது அதைப் படைத்தவர் மட்டும் எப்படி மறைந்துபோனார்? இந்தக் கேள்வியோடுதான் அவருடைய வாழ்க்கையை நாம் படிக்க வேண்டும்.

அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது 1865இல். அதன்பின் சில ஆண்டுகளில், 1868 வாக்கில், டெக்சாஸ் மாநிலத்தில் ஜாப்ளின் பிறந்தார். அப்பா ஜைல்ஸ் வட கரோலினாவில் அடிமையாக இருந்தவர். அம்மா ஃபுளோரன்ஸ் டெக்சர்கானா ஊரில் வெள்ளையர் வீடுகளைச் சுத்தம் செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். அம்மா தரை துடைத்த வீட்டில் இருந்த பியானோவில்தான் பையனின் விரல்கள் பழகின. ஜெர்மனியிலிருந்து குடியேறிய ஜூலியஸ் வைஸ் என்ற ஆசிரியர் அவருக்குக் கட்டணம் வாங்காமல் இசை கற்றுக்கொடுத்தார்.

ஜாப்ளின் எழுதிய இசைக்கு ராக்டைம் என்று பெயர். இடது கை அணிவகுப்பு இசைபோலச் சீராகத் தாளம் போடும். வலது கையின் மெட்டு அந்தத் தாளத்துக்கு முன்னும் பின்னும் தள்ளி விழும். கறுப்பின மக்களின் தாள மரபிலிருந்து வந்த இசை இது. கச்சேரி அரங்குகள் கறுப்பினக் கலைஞர்களுக்கு மூடியிருந்ததால் மதுக்கூடங்களிலும் பாலியல் விடுதிகளிலும் அதை வாசித்தார்கள். அந்த இடங்களைக் காட்டியே ‘இழிந்த இசை’ என்று மேட்டுக்குடி முத்திரை குத்தியது. அதே காலத்தில் கறுப்பின மக்களைக் கேலிச்சித்திரமாக வரைந்த அட்டைகளோடு பாட்டுப் புத்தகங்கள் அமோகமாக விற்றன. அவமானப்படுத்துவதும் அதில் லாபம் பார்ப்பதும் ஒன்றாகவே நடந்தன.

1899இல் ஜாப்ளினின் ‘ஒரிஜினல் ராக்ஸ்’ அச்சானது. அட்டையில் அவர் பெயரோடு, இசையை ‘ஒழுங்கமைத்தவர்’ என்று சார்லஸ் டேனியல்ஸ் என்ற வெள்ளையரின் பெயரும் இருந்தது. ஒரு சிறு தொகையைக் கொடுத்துப் படைப்பை மொத்தமாக எழுதி வாங்கிக்கொள்வதே அன்றைய பதிப்பாளர்களின் வழக்கம். ஆனால் அதே ஆண்டு ‘மேப்பிள் லீஃப் ராக்’ வெளியானபோது ஜாப்ளின் ஒப்பந்தம் கேட்டார். மிசௌரி மாநிலத்தின் செடாலியா ஊரில், 10.8.1899 அன்று பதிப்பாளர் ஜான் ஸ்டார்க் கையெழுத்திட்டார். பிரதிக்கு ஒரு சென்ட் ராயல்டி. மூன்றாண்டுகளுக்கு முன்புதான், 1896இல், இனப் பிரிவினை சட்டப்படி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. அந்தச் சூழலில் ஒரு கறுப்பினக் கலைஞர் தன் உழைப்புக்குத் தொடர் உரிமையை எழுத்தில் பெற்றார். அந்த மெட்டு நாடெங்கும் பரவியது. அவர் பணக்காரர் ஆகவில்லை. ஆனால் பிச்சையாகவோ பரிசாகவோ இல்லாமல், உரிமையாக ஒரு வருமானம் வந்துகொண்டிருந்தது.

அவருடைய பெரிய கனவு ‘ட்ரீமோனிஷா’ என்ற இசை நாடகம். மரத்தடியில் கண்டெடுக்கப்பட்ட கறுப்பினப் பெண் குழந்தை படித்து வளர்கிறாள். மக்களின் பயத்தை வைத்துப் பிழைக்கும் மந்திரவாதிகளை எதிர்க்கிறாள். கடைசியில் மக்கள் அவளையே தலைவியாக ஏற்கிறார்கள். அமெரிக்கப் பெண்களின் வாக்குரிமை நாடு தழுவிய சட்டமானது 1920இல்தான். ஜாப்ளின் இதை வெளியிட்டது 1911இல், அதுவும் சொந்தப் பணத்தில். மூட நம்பிக்கையைச் சாடும் அளவுக்கு வெள்ளையரின் சுரண்டலை இந்த நாடகம் பேசவில்லை என்ற விமர்சனம் நமக்கு உண்டு. ஆனால் அன்று அது புறக்கணிக்கப்பட்டதற்குக் காரணம் அந்தக் குறை அல்ல. கறுப்பினத்தவரிடமிருந்து ஆட்டம்போட வைக்கும் மெட்டு மட்டுமே போதும் என்று இசைச் சந்தை நினைத்தது. 1915இல் ஹார்லெமில் வாத்தியக் குழுவோ மேடை அலங்காரமோ இல்லாமல், தானே பியானோ வாசித்து அதை அரங்கேற்றிப் பார்த்தார். ஆதரவு கிடைக்கவில்லை.

அதே ஆண்டில் ஹார்லெமை ஒட்டியிருக்கும் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அண்ணல் அம்பேத்கர் படித்துக்கொண்டிருந்தார். இருவரும் சந்தித்ததாகச் சான்று இல்லை. ஆனால் ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், கல்விதான் விடுதலையின் முதல் படி என்று இருவரும் நம்பினார்கள் என்பது நம் மனதில் நிற்கிறது.

1.4.1917 அன்று நியூயார்க்கில் ஓர் அரசு மனநல மருத்துவமனையில் ஜாப்ளின் இறந்தார். 1973இல் ‘தி ஸ்டிங்’ திரைப்படம் அவருடைய மெட்டுகளைப் பயன்படுத்தியது. மெட்டுகளைப் படத்துக்காகத் தழுவியமைத்த மார்வின் ஹாம்லிஷுக்கு ஆஸ்கர் கிடைத்தது. ஜாப்ளின் கல்லறைக்குப் பெயர்க்கல் வந்தது 1974இல். இறந்து 59 ஆண்டுகள் கழித்து, 1976இல், அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது அறிவிக்கப்பட்டது.

மாணவத் தோழர்களே, ஆய்வுக்காகவோ யூடியூபுக்காகவோ ஒரு கலைஞரைப் பதிவு செய்யப் போகும்போது இதை நினைவில் வையுங்கள். அவர் பெயரை முழுமையாக எழுதுங்கள். அவருடைய பங்கு என்ன என்பதைக் கேமராவை எடுப்பதற்கு முன்பே பேசி எழுதிக்கொடுங்கள். இறந்தபின் சிலை வைக்கலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

ஜெய்பீம்!