மிளகு மூட்டைகளும் ஒரு கிறிஸ்துமஸ் சந்தையும்

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரம். கிறிஸ்துமஸுக்கு நான்கு வாரம் இருக்கும்போது வரும் ஒரு வெள்ளிக்கிழமை. மணி மாலை ஐந்தரை ஆகப்போகிறது, ஆனால் சூரியன் மறைந்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. ஊரின் நடுவில் உள்ள ஹவுப்ட்மார்க்ட் என்ற பெரிய திடலில் ஆயிரக்கணக்கான பேர் தோளோடு தோள் உரசி நிற்கிறார்கள். திடீரென்று எல்லா விளக்குகளும் அணைகின்றன. மாதா கோயிலின் மாடத்தில் மட்டும் வெளிச்சம். பொன்னிறச் சுருள் முடி, தலையில் கிரீடம், வெள்ளையும் தங்கமுமாக உடை அணிந்த ஒரு பெண் கைகளை விரித்து செய்யுள் நடையில் பேச ஆரம்பிக்கிறாள். அவள்தான் 'கிறிஸ்ட்கிண்ட்', அதாவது குழந்தை இயேசு. (குழந்தை இயேசு எப்படி பதின்ம வயதுப் பெண் ஆனது என்று கேட்காதீர்கள், அதற்கு ஜெர்மானியர்களிடமே சரியான பதில் கிடையாது!)

அந்தக் கூட்டத்தில் பக்கத்து எர்லாங்கனிலோ இங்கேயோ படிக்க வந்த வெளிநாட்டு மாணவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருக்கும். குளிர், இருட்டு, புரியாத மொழி. இது ஏதோ ஆயிரம் வருடப் பழமையான சடங்கு, நாம் எட்டி நின்று பார்க்க வேண்டியது என்றுதான் புதிதாக வந்தவனுக்குத் தோன்றும். உண்மையில் அந்த மாடத்துச் சடங்கின் வயது நூறு கூட இல்லை. அவன் கையில் இருக்கும் தின்பண்டத்தின் கதைதான் அதைவிடப் பல நூறு ஆண்டு பழையது. அந்தக் கதையில் அவனுடைய ஊர்ப்பக்கமும் வருகிறது.

முதலில் பெயரைப் பார்ப்போம். ஐரோப்பாவில் முன்பெல்லாம் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் நாள் டிசம்பர் 6, புனித நிக்கோலஸ் திருநாள். மார்ட்டின் லூதருக்குப் புனிதர்களை வணங்குவது பிடிக்காது. பரிசு கொடுப்பது குழந்தை இயேசுவாக இருக்கட்டும், அதுவும் கிறிஸ்துமஸ் அன்று நடக்கட்டும் என்று சீர்திருத்தக்காரர்கள் மாற்றினார்கள். பரிசு நாள் மாறினால் பரிசு விற்கும் சந்தையும் மாறித்தானே ஆகவேண்டும்? ஸ்ட்ராஸ்பர்க் நகரில் 1570-ல் நிக்கோலஸ் சந்தையை ஒழித்துவிட்டு குழந்தை இயேசுவின் சந்தை என்று புதிதாக ஒன்றை ஏற்படுத்தினார்கள். நியூரம்பெர்க்கில் எப்போது ஆரம்பித்தது என்பதற்கு அரசாணை எதுவும் இல்லை. இருக்கும் மிகப் பழைய சாட்சி ஒரு சின்ன மரப்பெட்டி. அதன் அடியில், 1628-ல் இந்தச் சந்தையில் வாங்கி அனுப்பிய பரிசு என்று எழுதியிருக்கிறது. ஊரிலுள்ள ஜெர்மானிய தேசிய அருங்காட்சியகத்தில் அதை இன்றும் பார்க்கலாம். 1737-க்கு வந்தால் கடை போடும் உரிமை உள்ளவர்களின் பட்டியலே கிடைக்கிறது. சுமார் 140 பேர். ஊரின் கைவினைத் தொழில்கள் ஏறக்குறைய எல்லாமே அதில் உண்டு.

ஆக இது கோயிலில் பிறந்த திருவிழா இல்லை, சந்தையில் பிறந்த திருவிழா. கோயிலுக்குள் நுழைய நம்பிக்கை வேண்டும். சந்தைக்கு என்ன வேண்டும், கையில் காசு வேண்டும், அவ்வளவுதானே!

இப்போது தின்பண்டத்துக்கு வருவோம். பெயர் லெப்குகென். தேன், கொட்டைப் பருப்புகள், மசாலா சேர்த்துச் செய்யும் வட்டமான இனிப்பு. 'எலிசன்' என்ற உயர்ந்த ரகத்தில் குறைந்தது 25 சதவீதம் கொட்டைப் பருப்பு இருக்கவேண்டும், மாவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று விதியே இருக்கிறது. கடித்தவுடன் நம் ஊர்க்காரன் ஒரு நொடி நின்றுவிடுவான். பட்டை, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், இஞ்சி, கொத்தமல்லி விதை... பிரியாணிக்கு வறுத்து அரைக்கும் சாமான் அத்தனையும் இனிப்புக்குள்! பக்கத்துக் கடையில் விற்கும் குளூவைனும் அப்படித்தான், பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய சிவப்பு ஒயின். (குடிக்காதவர்களுக்குச் சிறுவர்களுக்கான பழரசம் அதே மசாலாவுடன் உண்டு. கோப்பைக்கு முன்பணம் வாங்குவார்கள், திருப்பிக் கொடுத்தால் பணம் வாபஸ். பல மாணவர்கள் கோப்பையையே நினைவுப்பொருளாக வைத்துக்கொள்வது வேறு விஷயம்.)

தேன் உள்ளூர்தான். நகரைச் சுற்றியிருந்த காட்டுக்கே பேரரசின் தேனீத் தோட்டம் என்று பேர். ஆனால் கிராம்பும் ஏலக்காயும் பனி பெய்யும் ஊரில் விளையாது. எப்படி வந்தது?

இதற்குப் பதிலும் அதே அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இன்று நம்மிடம் இருப்பதிலேயே மிகப் பழைய பூமி உருண்டை அது. மார்ட்டின் பெஹைம் என்ற நியூரம்பெர்க்காரரின் ஏற்பாட்டில் 1492 வாக்கில் செய்தது. கொலம்பஸ் திரும்பி வரும் முன்பே செய்யத் தொடங்கியதால் அதில் அமெரிக்காவே கிடையாது! அந்த உருண்டையின் மேல் ஒரு நீண்ட குறிப்பு எழுதியிருக்கிறார்கள். கீழைத் தீவுகளில் விற்கும் மசாலா நம் நாட்டுக்கு வந்து சேருவதற்குள் எத்தனை கை மாறுகிறது என்ற கணக்கு. ஜாவா, இலங்கை, ஏடன், கெய்ரோ, வெனிஸ் என்று ஒவ்வொரு இடமாகப் போகிறது. மொத்தம் பன்னிரண்டு கை. வழி நெடுக இறக்குமதி வரி, ஒவ்வொரு கையிலும் லாபம். அதனால்தான் இங்கே விலை இப்படி என்று புலம்பல் வேறு. வணிகவியல் வகுப்பில் 'விநியோகச் சங்கிலி' என்று இன்று நடத்தும் பாடத்தை 500 வருடத்துக்கு முன்னால் பூமி உருண்டையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

கணக்குப் போட்டவர்கள் சும்மா இருப்பார்களா? வாஸ்கோ ட காமா வழி கண்டுபிடித்த ஏழே வருடத்தில், 1505-ல், அல்மெய்டா தலைமையில் லிஸ்பனிலிருந்து ஒரு போர்த்துகீசியக் கப்பல் படை இந்தியாவுக்குக் கிளம்பியது. அதில் மூன்று கப்பல்களுக்கு ஜெர்மன், இத்தாலிய வியாபாரிகள் பணம் போட்டார்கள். ஆக்ஸ்பர்க் நகரின் வெல்சர், ஃபுக்கர் குடும்பங்கள் அதில் உண்டு. நியூரம்பெர்க்கின் இம்ஹோஃப், ஹிர்ஷ்ஃபோகல் குடும்பங்களும் உண்டு. கண்ணனூர், கொச்சி என்று மலபார்க் கரையில் மிளகு ஏற்றிக்கொண்டு அந்தக் கப்பல்கள் 1506-ல் திரும்பின. போர்த்துகீசிய மன்னர் சரக்கை உடனே தராமல் இழுத்தடித்தது தனிக் கதை. இப்படிப் பணம் சேர்த்த நியூரம்பெர்க் வியாபாரிகளுக்கு ஊரார் வைத்த பட்டப்பெயர் 'பிஃபெஃபர்சாக்', அதாவது மிளகு மூட்டை! லெப்குகென் செய்வோர் 1643-ல் தங்களுக்கென்று தனித் தொழிற்சங்கமே அமைக்கும் அளவுக்கு வளர்ந்ததற்குப் பின்னால் இந்த மூட்டைகள் இருக்கின்றன.

இனிப்பு போதும். அந்தத் திடலுக்கும் ஒரு கதை உண்டு, அது இனிக்காது.

இன்று சந்தை நடக்கும் ஹவுப்ட்மார்க்ட் முன்பு யூதர்கள் குடியிருந்த பகுதி. 1349 நவம்பரில், அந்த வீடுகளை இடித்துவிட்டுத் திடல் அமைத்துக்கொள்ளலாம் என்று மன்னர் நான்காம் கார்ல் நகர மன்றத்துக்கு எழுத்தில் அனுமதி கொடுத்தார். மூன்று வாரம் கூட ஆகவில்லை. டிசம்பர் 5, நிக்கோலஸ் திருநாளுக்கு முந்தைய நாள், 560-க்கும் மேற்பட்ட யூதர்கள் கொல்லப்பட்டார்கள். தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் எழுந்ததுதான் இந்த மாதா கோயில். கிறிஸ்ட்கிண்ட் நின்று பேசுவது அதே கோயிலின் மாடத்தில்தான். சுற்றுலாக் கையேட்டின் முதல் பக்கத்தில் இதைப் போட மாட்டார்கள். ஆனால் ஊரில் விசாரித்தால் மறைப்பதும் இல்லை.

சந்தையும் எப்போதும் இந்தத் திடலிலேயே இருந்துவிடவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மவுசு குறைந்து, 1898-ல் திடலை விட்டே வெளியேற்றப்பட்டு, ஆற்றங்கரைப் பக்கமெல்லாம் இடம் மாறி அலைந்தது. அதைத் திரும்பக் கொண்டுவந்தவர்கள் யார் தெரியுமா? நாஜிகள். 1933-ல் ஆட்சிக்கு வந்த அதே வருடம், 'அடால்ஃப் ஹிட்லர் திடல்' என்று பெயர் மாற்றப்பட்டிருந்த அந்த இடத்துக்கே சந்தையைக் கொண்டுவந்தார்கள். நியூரம்பெர்க்கைப் பழம்பெரும் ஜெர்மனியின் நகைப்பெட்டியாகக் காட்டவேண்டும் என்பது அவர்கள் ஆசை. கிறிஸ்ட்கிண்ட் வேடமிட்ட பெண்ணை நிறுத்தி வசனம் பேசவைத்துச் சந்தையைத் திறக்கும் வழக்கம் அப்போது தொடங்கியதுதான். யூதர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டங்கள் 1935-ல் இதே ஊரில்தான் அறிவிக்கப்பட்டன.

பிறகு போர், சந்தை நின்றது. 1945 ஜனவரி 2 அன்று விழுந்த குண்டுகளில் பழைய நகரம் தரைமட்டம். 1948-ல் இடிபாடுகளுக்கு நடுவே மறுபடி கடை போட்டார்கள். ஃபிரீட்ரிக் புரோகர் என்பவர் புதிய முன்னுரை எழுதினார், சோஃபி கேசர் என்ற நாடக நடிகை கிறிஸ்ட்கிண்டாகப் பேசினார். நாஜிகள் தொடங்கிய வழக்கத்தை ஏன் விட்டுவிடவில்லை என்று கேட்கலாம். எல்லாம் போன ஊருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று தேவைப்பட்டது, வார்த்தைகளை மாற்றிக்கொண்டு வழக்கத்தை வைத்துக்கொண்டார்கள் என்பதுதான் நியாயமான பதிலாகத் தெரிகிறது.

1969 முதல் நடிகைகள் கிடையாது, ஊர்ப் பெண்தான். இரண்டு வருடத்துக்கு ஒருத்தியைத் தேர்ந்தெடுப்பார்கள். 16 முதல் 19 வயது, குறைந்தது 160 செ.மீ. உயரம், உயரத்தில் நின்றால் தலை சுற்றக்கூடாது, நியூரம்பெர்க்கில் பிறந்திருக்கவேண்டும் அல்லது நீண்ட நாள் வாழ்ந்திருக்கவேண்டும். விதிகளில் அப்பா எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி இல்லை. பொன்னிற முடி கூடக் கட்டாயமில்லை, 'விக்' இருக்கிறதே!

2019-ல் தேர்வான 17 வயது மாணவி அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள். அம்மா ஜெர்மானியர், அப்பா இந்தியாவில் பிறந்தவர். அறிவிப்பு வந்ததும் ஏஎஃப்டி என்ற வலதுசாரிக் கட்சியின் மியூனிக் வட்டாரக் கிளை ஒன்று ஃபேஸ்புக்கில் அவள் படத்தைப் போட்டு, ஒருநாள் செவ்விந்தியர்களுக்கு நேர்ந்த கதிதான் நமக்கும் நேரும் என்ற பொருளில் எழுதியது. ஜெர்மனில் இந்தியர் என்றால் 'இண்டர்', செவ்விந்தியர் என்றால் 'இந்தியானர்'. இந்தச் சிலேடைதான் அவர்களின் சரக்கு. நாடு முழுவதும் கண்டனம். பதிவு நீக்கப்பட்டது, மன்னிப்பும் கேட்டார்கள். மிளகுக்காக மலபார் வரை கப்பல் அனுப்பிய ஊரில், இந்தியத் தந்தையின் மகள் மாடத்தில் நிற்பது சிலருக்கு உறுத்தியிருக்கிறது.

2019 நவம்பர் 29 அன்று விளக்குகள் அணைந்தன. அவள் மாடத்தில் வந்து நின்று, முன்னுரையைப் பிசகாமல் சொன்னாள். கூட்டம் கைதட்டியது. பிறகு அந்த வேடத்துக்கு உரிய வேலை: மருத்துவமனை, முதியோர் இல்லம், மழலையர் பள்ளி என்று தினமும் ஓட்டம்.

2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் சந்தை நடக்கவில்லை. 2022-ல் திரும்பத் திறந்தபோது, ஜெர்மனியில் படிக்கும் வெளிநாட்டு மாணவர்களில் சீனர்களை முந்தி இந்தியர்கள் முதலிடத்துக்கு வந்திருந்தார்கள். அந்தக் குளிர்கால அரையாண்டில் மட்டும் 42,000-க்கும் மேற்பட்டோர்.

அவர்களில் யாராவது சந்தைக்குப் போவதானால் வார நாளில் மதியமே போவது நல்லது, சனிக்கிழமை மாலை நடக்கவே இடம் இருக்காது. விரலளவு தொத்திறைச்சி மூன்றை ஒரு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள், அதுதான் அந்த ஊரின் மலிவான சாப்பாடு. சைவர்களுக்கு உருளைக்கிழங்கு அப்பமும் ஆப்பிள் கூழும் உண்டு. லெப்குகென் உடைந்த துண்டுகளைத் தனிப் பையில் போட்டு விலை குறைத்து விற்பார்கள், ருசியில் வித்தியாசம் கிடையாது.

இன்னொன்று. டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்கெல்லாம் சந்தை முடிந்துவிடும். அன்று மாலைதான் ஜெர்மானியர்களுக்கு உண்மையான கிறிஸ்துமஸ், அது வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு நடப்பது. அதற்குச் சாமான் வாங்கத்தான் அந்தக் காலத்திலிருந்து இந்தச் சந்தை. தெருவெல்லாம் காலியாகிவிடும். 25, 26 இரண்டு நாளும் கடை கிடையாது. விடுதியில் தங்கியிருக்கும் வெளிநாட்டு மாணவர்கள் 23-ஆம் தேதியே அரிசி, பால், வெங்காயம் வாங்கி வைத்துக்கொண்டு, பொதுச் சமையலறையில் கூடுவார்கள். பட்டை, கிராம்பு, ஏலக்காய் தீர்ந்துபோயிருந்தாலும் கவலையில்லை. அந்த ஊர் பலசரக்குக் கடையில் டிசம்பர் மாதம் லெப்குகென் மசாலா என்றே பாக்கெட்டில் கிடைக்கும், அவசரத்துக்குப் பிரியாணியிலும் போட்டுவிடலாம்.