பார்ட்ஸ்டவுன் சத்திரத்தில் ஓர் இரவு

அமெரிக்காவின் கெண்டக்கி மாநிலத்தில், பார்ட்ஸ்டவுன் என்னும் சிற்றூரின் பழைய நீதிமன்றச் சதுக்கத்தையொட்டித் தடித்த கற்சுவர்களோடு நிற்கிறது டால்பட் சத்திரம். 1779-இல் எழுந்தது என்பது ஊர் வழக்கு. சத்திரம் என்று நாம் எழுதினும் அஃது அறச்சாலை அன்று. மேற்கே குடியேறச் சென்றோர்க்குக் காசுக்குக் கட்டிலும் உணவும் மதுவும் விற்ற இடம். முன்பின் அறியாத இருவர் ஒரே கட்டிலில் உறங்கி எழுவது அக்கால அமெரிக்க விடுதிகளில் இயல்பே.

அங்குத் தங்கியோருள் பெரும் பெயர் பெற்றவர் பிரெஞ்சு இளவரசர் லூயி பிலிப். புரட்சியில் 1793-இல் தந்தையைக் கொலைக்கருவிக்குப் பறிகொடுத்து, நாடிழந்து, தம்பியர் இருவரோடு 1797-இல் அவ்வூரை அடைந்தார். பின்னர் 1830-இல் அரியணை ஏறி, 1848-இல் அதையும் இழந்தார். மாடி அறைச் சுவரில் அவருடைய கூட்டத்தார் ஓவியம் தீட்டினர் என்றும், அவ்வோவியத்தில் காணும் துளைகள் ஜெசி ஜேம்ஸ் என்னும் கொள்ளையன் சுட்ட குண்டுகளால் விழுந்தவை என்றும் கூறுவர். வழக்குக் கதையை நாம் ஆவணமாகக் கொள்ளலாகாது. எனினும் விடுதிக்காரருக்கு இத்தகைய கதைகளும் முதலே அன்றோ! 1998-இல் நேர்ந்த தீவிபத்தில் அவ்வோவியங்கள் பெரிதும் சிதைந்தன. கட்டடம் பழுதுபார்க்கப்பட்டு, விருந்தினருக்கு மீண்டும் திறக்கப்பட்டது.

இளவரசருக்கு நீர் சுமந்தவர் யார்? குதிரையைக் கட்டியவர் யார்? அவர்களைப் பற்றி அச்சுவர்கள் ஒன்றும் சொல்வதில்லை. கெண்டக்கி அன்று அடிமை முறை நிலவிய மண். 1865-இல் நாட்டின் அரசியலமைப்புத் திருத்தம் அம்முறையை ஒழித்தது. அத்திருத்தத்துக்குக் கெண்டக்கிச் சட்டமன்றம் இசைவு தந்ததோ 1976-இல்தான்.

இங்கே நம் திருச்சபையின் வரலாறும் குறுக்கிடுகிறது. சத்திரம் இருக்கும் அதே தெருவில், சில நிமிட நடையில், தூய சூசையப்பர் பேராலயம் உள்ளது. 1808-இல் திருத்தந்தை 7-ஆம் பத்திநாதர் பாஸ்டன், நியூயார்க், பிலடெல்பியா ஆகியவற்றோடு பார்ட்ஸ்டவுனையும் மறைமாவட்டமாக்கினார். மாநகர் மூன்றோடு இக்காட்டூர்! முதல் ஆயர் பிளஜே பிரான்சு நாட்டவர். 1811-இல் வந்து சேர்ந்தார். 1816-இல் தொடங்கிய பேராலயம் 1819-இல் அர்ச்சிக்கப்பட்டது. அவ்வூரைச் சுற்றி 1812-இல் லொரேத்தோ, நாசரேத்து ஆகிய பெண் துறவற சபைகளும், 1822-இல் தொமினிக்கன் அருட்சகோதரியர் சபையும் தோன்றின. அவற்றுள் நாசரேத்துச் சபையினர் 1947-இல் பீகாரின் மொகாமாவுக்கு வந்து நோயாளரைப் பேணியதை நம்மில் சிலர் அறிந்திருக்கலாம்.

ஆயினும் அவ்வாயரும் அச்சபைகளும் அடிமைகளை உடைமையாகக் கொண்டிருந்தனர். கன்னியர் மடங்களின் வயல்களை உழுததும் அடுப்பை மூட்டியதும் அவ்வடிமைகளே. காலத்தின் வழக்கம் அது என்று சொல்லி நாம் இதைக் கடந்துவிட இயலாது; அதே காலத்தில் அதே நாட்டில் அம்முறையை எதிர்த்த கிறித்தவர் இருந்தனர்.

2000-ஆம் ஆண்டில் அம்மூன்று சபையினரும் அதே பேராலயத்தில் ஒன்றுகூடி, தம் முன்னோர் அடிமைகளை வைத்திருந்ததற்காக வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினர். அடிமை முறை ஒழிந்து அப்போது 135 ஆண்டுகள் சென்றிருந்தன.