பத்து நாவல், ஒரு குற்றம்

துப்பறியும் நாவல் என்றால் நம்மில் பலருக்கு ஓர் அலட்சியம் உண்டு. ரயில் ஏறும்போது வாங்கி, இறங்கும்போது ஆசனத்திலேயே விட்டுவிட்டுப் போகிற சரக்கு அது என்பார்கள். கொன்றவன் யார் என்று தெரிந்த பிறகு அதில் வேறென்ன இருக்கிறது என்றும் கேட்பார்கள். இந்தக் கேள்விக்கு ஸ்வீடன் தேசத்து எழுத்தாளர் இருவர் பத்து வருஷம் உழைத்துப் பதில் சொல்லியிருக்கிறார்கள். மாய் ஷோவால் என்ற பெண்மணி ஒருவர். அவருடைய வாழ்க்கைத் துணைவர் பெர் வாலூ மற்றவர். 1965 முதல் 1975 வரை அவர்கள் எழுதிய பத்து நாவல்களை, வெளிவந்த வரிசையிலேயே, அண்மையில்தான் முதல் முறையாகப் படித்து முடித்தேன்.

இருவரும் பத்திரிகைத் தொழிலில் பழகியவர்கள். இரவில் குழந்தைகள் தூங்கிய பிறகு மேஜையின் இரு பக்கமும் எதிரெதிராக உட்கார்ந்து, ஆளுக்கொரு அத்தியாயமாக எழுதுவார்களாம். புத்தகத்துக்கு முப்பது அத்தியாயம். பத்துக்கும் சேர்த்து முந்நூறு. அத்தனைக்கும் பொதுவாக அவர்கள் வைத்த பெயர் ‘ஒரு குற்றத்தின் கதை’. உள்ளே எத்தனையோ கொலைகள். பெயரிலோ குற்றம் ஒன்றுதான்! அது எந்தக் குற்றம்?

முதல் நாவலான ‘ரோசன்னா’வில் இதற்கு விடை கிடைக்காது. கால்வாயில் தூர் வாரும்போது ஒரு பெண்ணின் பிரேதம் கிடைக்கிறது. அவள் அமெரிக்காவிலிருந்து வந்த பயணி என்று கண்டுபிடிப்பதற்கே மாதங்கள் ஓடிவிடுகின்றன. துப்பறிகிற மார்ட்டின் பெக் மகா மேதாவி அல்ல. ஜலதோஷக்காரர், வயிற்றுக் கோளாறும் உண்டு, வீட்டில் மனைவியோடு பேச்சு வற்றிப் போனவர். அவரிடம் இருப்பது பொறுமை ஒன்றுதான். கோடையில் தொடங்கிய வழக்கு, பனிக்காலத்தில்தான் முடிகிறது.

ஷெர்லாக் ஹோம்ஸ் கதைகளை எந்த வரிசையில் படித்தாலும் பெரிய நஷ்டமில்லை. இங்கே அப்படியல்ல. பெக்கின் குழந்தைகள் வளர்கிறார்கள், மணவாழ்க்கை முறிகிறது, சகாக்களுக்கு வயதாகிறது. நான்காவது நாவலான ‘சிரிக்கும் போலீஸ்காரன்’ 1968-இல் வந்தது. அதில் ஸ்டாக்ஹோம் நகரப் பஸ் ஒன்றில் ஒன்பது பேர் சுடப்பட்டுக் கிடக்கிறார்கள். அவர்களில் ஒருவன் ஸ்டென்ஸ்ட்ரோம் என்ற இளம் போலீஸ்காரன். அந்த ஒரு புத்தகத்தை மட்டும் எடுத்தவருக்கு அவன் ஒரு பிணம். முதலிலிருந்து வந்தவருக்கோ அவன் தெரிந்த பையன். அந்தப் பக்கத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

இப்படி மனிதர்களோடு நாமும் வருஷங்களைக் கழிக்கும்போதுதான் தேசமும் கண்ணில் படுகிறது. குடிமக்களின் க்ஷேமத்துக்கு உலகமே உதாரணம் காட்டிய நாடு ஸ்வீடன். இவ்விருவரும் இடதுசாரிகள், உழைக்கும் ஜனங்களை அந்த அரசு கைவிட்டுவிட்டது என்பது அவர்கள் கட்சி. அதுதான் அந்த ஒரு குற்றம். 1965-இல் ஊர்ப் போலீஸையெல்லாம் திரட்டி ஒரே தேசிய அமைப்பாக்கினார்கள். நாவலுக்கு நாவல் அந்த அமைப்பு இறுகி, முரடாகிக்கொண்டே போகிறது. பிற்காலப் புத்தகங்களில் ஆசிரியர்களே மேடையேறிப் பேசுகிற இடங்கள் உண்டு. அங்கே கதை தளர்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பாத்திரங்கள் பேசும்போது நம்பிய விஷயத்தை, ஆசிரியர் பேசும்போது நாம் சந்தேகிக்கிறோம்.

கடைசி நாவலான ‘பயங்கரவாதிகள்’ அந்தக் குறையைத் தீர்த்துவிடுகிறது. கடன் கேட்கலாமென்று ஒரு பாங்குக்குள் போகிறாள் ரெபெக்கா என்ற ஏழை இளம் தாய். கொள்ளைக்காரி என்று பிடித்துவிடுகிறார்கள். உலகம் தெரியாத அந்தப் பெண், கடைசியில் பிரதம மந்திரியையே சுடுகிறாள். யார் சுட்டது என்பதில் ரகசியமே இல்லை. இவளை இந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியது யார் என்பதுதான் கேள்வி. பத்து நாவலும் நடந்து வந்தது இந்தக் கேள்விக்காகத்தான்.

1975 ஜூன் மாதம் வாலூ காலமானார், வயது நாற்பத்தெட்டு. ஷோவால் 2020 வரை வாழ்ந்தார். இடையில், 1986 பிப்ரவரி 28-ஆம் தேதி இரவு, சினிமா பார்த்துவிட்டு மனைவியோடு நடந்து வந்த பிரதம மந்திரி ஓலோஃப் பால்மே ஸ்டாக்ஹோம் தெருவில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1989-இல் ஒருவருக்குத் தண்டனை விதித்தார்கள். அதே வருஷம் அப்பீலில் அவர் விடுதலையானார். நாவலில் சுட்டவள் யார், ஏன் என்பது இரண்டும் நமக்குத் தெரியும். சரித்திரத்தில் இரண்டுக்கும் கோர்ட்டு ஏற்ற விடை கிடையாது. ரயிலில் விட்டுவிட்டுப் போகிற புத்தகங்களா இவை?