இரவு தங்கும் உரிமை: குரூகர் பூங்காவின் தங்கு முகாம்கள் உருவான வரலாறு

காட்டுயிர்க் காப்பகம் ஒன்றின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் விலங்குகளிலிருந்து தொடங்குவர். எத்தனை யானைகள் எஞ்சியிருந்தன, வேட்டை எப்போது தடுக்கப்பட்டது, சிங்கங்கள் எவ்வாறு பெருகின என்று கணக்கெடுப்பர். தென்னாப்பிரிக்காவின் குரூகர் தேசியப் பூங்காவைப் பற்றி அத்தகைய எழுத்து ஏராளமாக உண்டு. இக்கட்டுரை வேறொரு கேள்வியைப் பின்தொடர்கிறது: அந்தக் காட்டில் இரவு தங்க யாருக்கு இடம் கிடைத்தது, யாருக்கு அது இல்லாமல் போனது? பூங்காவில் இன்று 12 பெரிய தங்கு முகாம்கள் உள்ளன. வேலிக்குள் புல் வேய்ந்த வட்டக் குடில்கள், பொதுச் சமையற்கூடம், இறைச்சி சுடும் அடுப்பு, ஆற்றை நோக்கிய தாழ்வாரம் என்பது அவற்றின் பொது அமைப்பு. மாலையில் வாயில் அடைக்கப்படும். அதற்குள் வண்டிகள் யாவும் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். பயணிகளுக்கு இன்று பழகிப்போன இந்த ஒழுங்கு ஏறத்தாழ நூறாண்டுகளில் துண்டுதுண்டாகக் கட்டப்பட்டது. அதைக் கட்டிய முடிவுகள் ஒவ்வொன்றும் ஒரு சாராருக்குக் கதவைத் திறந்தன. வேறொரு சாராருக்கு அடைத்தன.

குடிகள் வெளியேறிய காடு

1898இல் பால் குரூகர் தலைமையிலிருந்த டிரான்ஸ்வால் குடியரசு, சாபி ஆற்றுக்கும் குரோக்கடைல் ஆற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தை வேட்டை விலங்குகளுக்கான காப்பகமாக அறிவித்தது. அறிவிப்பு தாளில் இருக்கையிலேயே போயர் போர் மூண்டது. போர் முடிந்த 1902இல் வென்ற பிரித்தானியர் அதே காப்பகத்தை மீண்டும் நிறுவி, ஜேம்ஸ் ஸ்டீவன்சன்-ஹாமில்டன் என்ற ஸ்காட்லாந்து நாட்டு இராணுவ அதிகாரியைக் காப்பாளராக அமர்த்தினர். 1946 வரை, நாற்பதாண்டுகளுக்கும் மேலாக, அவர் அப்பொறுப்பில் இருந்தார். 1903இல் வடக்கே ஷிங்வெட்சிக் காப்பகமும் சேர்ந்தது.

அந்நிலம் ஆளில்லாக் காடாக இருக்கவில்லை. சோங்கா மொழி பேசுவோர் உள்ளிட்ட பல குழுக்கள் அங்கே வாழ்ந்தனர். ஆற்றோரத்தில் பயிரிட்டனர், ஆடுமாடு வளர்த்தனர், வேட்டையாடினர். புதிய காப்பாளர் தம் முதல் சில ஆண்டுகளில் சாபிக் காப்பகத்திலிருந்து இரண்டாயிரம் முதல் மூவாயிரம் பேர் வரை வெளியேற்றினார் என்பதை ஜேன் கரூதர்ஸ் 1995இல் வெளியிட்ட தம் ஆய்வில் நிறுவியுள்ளார். அப்பணி பாதியில் நின்றது. எஞ்சியோரை அங்கேயே இருக்கவிட்டால் அவர்களிடமிருந்து குடிவாரம் வரும், வாரம் செலுத்த இயலாதோரிடமிருந்து உழைப்பு வரும் என்று நிர்வாகம் கண்டுகொண்டதே காரணம். தலைமுறை தலைமுறையாகத் தம் கூரையின்கீழ் உறங்கிய மக்கள், அரசு நிலத்தில் கட்டணம் செலுத்தித் தங்கும் குடிவாரதாரர் ஆயினர். குரூகர் காட்டில் இரவு தங்குவதற்கு முதன்முதலில் விலை கொடுத்தவர்கள் இவர்களே என்பது என் கருத்து. சுற்றுலா வரலாறுகள் அவ்விடத்தை 1920களில் கார் ஓட்டி வந்தவர்களுக்குத் தருகின்றன.

ரயில் நின்ற இரவு

சுற்றுலாவுக்கு வித்திட்டது தென்னாப்பிரிக்க ரயில்வே. 1912இல் முழுமை பெற்ற செலாட்டி இருப்புப்பாதை காப்பகத்தின் ஊடே சாபி ஆற்றைப் பாலத்தால் கடந்து சென்றது. 1923இல் ரயில்வே துறை தாழ்நிலப் பகுதியைச் சுற்றிக்காட்டும் ஒன்பது நாள் பயணம் ஒன்றைத் தொடங்கியது. அதன் ஈர்ப்பாக முதலில் கருதப்பட்டவை மலைக் காட்சிகளும் பழத்தோட்டங்களும் போர்த்துக்கீசியக் கடற்கரை நகரான லோரன்சோ மார்க்கேசும்தான். வெறும் புதர்க்காடு என்று எண்ணியதால் காப்பகத்தை வண்டி இருட்டிலேயே கடந்துவிடும்படி நேரம் குறித்திருந்தனர். காப்பாளர் தலையிட்டு வாதாடியபின், வண்டி காப்பகத்துக்குள் இரவு நிற்கவும் பகல் வெளிச்சத்தில் மெல்ல நகரவும் ஏற்பாடாயிற்று. வனக்காவலர் ஒருவர் துணைக்கு வர, பயணிகள் இறங்கிச் சிறிது தூரம் நடந்தனர். இருட்டியதும் தண்டவாளத்தின் அருகே தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்தனர். உறக்கம் ரயில் பெட்டிக்குள்.

மலையையும் கடலையும் காண வந்தவர்கள் அந்த இரவைத்தான் பெரிதாகப் பேசினர். காட்டு விலங்கைச் சுடாமல் பார்ப்பதற்காகவே மக்கள் பணம் கொடுத்து வருவார்கள் என்ற நம்பிக்கை நிர்வாகத்துக்கு அதுவரை இல்லை. தேசியப் பூங்கா வேண்டும் என்று அரசியல்வாதிகளிடம் மன்றாடிக்கொண்டிருந்த ஸ்டீவன்சன்-ஹாமில்டனுக்குக் கையில் ஒரு சான்று கிடைத்தது. நிலத்துறை அமைச்சர் பீட் குரோப்ளர் முன்மொழிந்த தேசியப் பூங்காக்கள் சட்டம் 1926 மே 31 அன்று நிறைவேறியது. சாபியும் ஷிங்வெட்சியும் இணைந்து, ஆப்பிரிக்கானர் வாக்காளர்களின் மனத்துக்கு இனிய பெயரான குரூகரின் பெயரைப் பெற்றன.

சாளரமில்லாக் குடில்கள்

1927இல் பூங்காவுக்குள் வந்த கார்கள் மூன்று. 1928இல் அந்த எண்ணிக்கை 180, 1929இல் 850. இந்த ஏற்றத்தைச் சமாளிக்க எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. தொடக்கத்தில் வந்தவர்கள் கூடாரத்திலோ திறந்த வெளியிலோ படுத்தனர். முட்கிளைகளை வெட்டி அடுக்கிய வேலியே காவல். பிரிட்டோரியஸ்கோப்பில் முதல் முகாம் எழுந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சாபிப் பாலம், சட்டாரா, லெட்டாபா, பலூலே எனத் தொடர்ந்தது. சாபிப் பாலம் முகாமுக்கு 1936இல் ஸ்குகுசா என்று பெயர் மாறியது; காப்பாளருக்குச் சோங்கா மக்கள் சூட்டிய பட்டப்பெயர் அது.

முதற்கட்டக் குடில்களின் அமைப்பு விரிவாக நோக்கத் தக்கது. பால் செல்பி என்ற அமெரிக்கச் சுரங்கப் பொறியாளரின் பெயரால் அவை அறியப்படுகின்றன. வட்டச் சுவர், கூம்பு வடிவப் புல்வேய்ந்த கூரை. சாளரம் கிடையாது. காற்றுக்காகச் சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தனர். கதவின் மேற்பகுதியில் ஒரு துளை: வெளியே சிங்கம் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத் திறப்பதற்கு. அந்தத் துளை ஒன்றே அக்காலத்து முகாம் வேலியின் தரத்தைச் சொல்லிவிடுகிறது. வடகோடியிலுள்ள புண்டா மரியாவில் 1930களின் தொடக்கத்தில் எழுந்த குடில்கள் மண்ணும் கழியும் கொண்டு கட்டப்பட்டவை.

வட்டமும் கூம்பும் மண்ணும் புல்லும் அந்நிலத்து மக்களின் வீட்டுக் கலை. வெள்ளைப் பண்ணையாளர்கள் அவ்வடிவத்தை ஏற்கெனவே தமதாக்கிக் கொண்டிருந்தனர் என்பது உண்மையே. ஆயினும் பூங்காவுக்குள் அது பெற்ற புதிய வாழ்வு மனத்தை உறுத்துகிறது. வீட்டுக்காரர் வெளியேற்றப்பட்ட நிலத்தில் அவருடைய வீட்டின் வடிவம் விடுதி அறையாக மறுபடி எழுப்பப்பட்டது. பயணிகள் அதை ஆப்பிரிக்கக் காட்டின் இயல்பான தோற்றம் என்று கொண்டனர். கட்டடக் கலை நூல்கள் இக்குடில்களின் எளிமையைப் போற்றுகையில் இந்தப் பின்னணியையும் ஒரு வரியாவது சொல்லியிருக்க வேண்டும்.

மலேரியா இன்னொரு எல்லை வகுத்தது. கோடை மழையில் பாதைகள் சேறாகும், கொசு பெருகும். ஆகவே பூங்காவின் பெரும்பகுதி குளிர்காலத்தில் மட்டும் திறந்திருந்தது. சற்று உயரமான நிலத்திலுள்ள பிரிட்டோரியஸ்கோப் இதற்கு விலக்கு. ஆண்டு முழுவதும் ஆள் தங்கும் முகாம்கள் என்ற இன்றைய நிலை மிகவும் பின்னர் வந்தது.

கட்டிய கைகள்

குடில்களையும் அவற்றை இணைத்த பாதைகளையும் கட்டியோர் யார்? விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் வேலை தேடி மொசாம்பிக்கிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இந்தக் காட்டைக் கால்நடையாகக் கடந்து வந்தனர். அனுமதிச் சீட்டின்றிப் பிடிபட்டவர்களுக்குப் பூங்காவிலேயே தண்டனை விதித்து, தண்டனைக் காலத்தைச் சாலை, முகாம் வேலைகளில் கழிக்கச் செய்தனர். கரூதர்ஸ் இதை ஆவணங்களோடு காட்டுகிறார். சிங்கமும் சிறுத்தையும் உலவும் காட்டில் மரத்தடியில் இரவைக் கழித்து நடந்தவர்கள், பிறர் அச்சமின்றி உறங்குவதற்கான சுவர்களை ஊதியமின்றி எழுப்பினர். முகாம் இயங்கத் தொடங்கியபின் விறகு பிளப்பது, வெந்நீர் வைப்பது, படுக்கை விரிப்பது யாவும் ஆப்பிரிக்கப் பணியாளரின் வேலை. விருந்தினர் எத்தனை பேர், எத்தனை கார் என்று ஆண்டறிக்கைகள் எண்ணின. இவர்களுடைய பெயர்கள் அவற்றில் அரிதாகவே தென்படுகின்றன.

பலூலே

ஜேக்கப் டிலாமினி 2020இல் வெளியிட்ட ‘சஃபாரி நேஷன்’ என்ற நூல், பூங்காவின் வரலாற்றில் கறுப்பர்களை வேட்டைத் திருடராகவும் வேலையாளாகவும் மட்டும் காணும் வழக்கத்தை உடைத்தது. அவர்கள் பயணிகளாகவும் வந்தனர் என்பதை அவர் விரிவாக எழுதினார். சட்டம் அவர்களை வாயிலில் தடுக்கவில்லை. இரவு எங்கே தங்குவது என்பதில்தான் தடுத்தது. 1930களிலிருந்து ஆப்பிரிக்கர், இந்தியர், கலப்பினத்தார் ஆகியோருக்கென ஒதுக்கப்பட்டது ஒலிபாண்ட்ஸ் ஆற்றோரச் சிறுமுகாமான பலூலே. மற்ற முகாம்களில் கறுப்பர் தங்கினால் வெள்ளையர் குடும்பத்தின் ஓட்டுநராகவோ ஆயாவாகவோ, பணியாளருக்கான கொட்டகையில்தான். நிறவெறி அரசு 1948இல் ஆட்சிக்கு வந்தது. முகாம்களில் இனப் பிரிவினை அதற்கு முன்பே வேரூன்றிவிட்டது என்பதைக் காலவரிசை தெளிவாக்குகிறது.

தமிழருக்கு இங்கே நேரடித் தொடர்பு உண்டு. 1860 நவம்பரில் சென்னையிலிருந்து டர்பன் சென்றடைந்த ‘ட்ரூரோ’ கப்பலோடு தொடங்கிய கூலிக் குடியேற்றத்தின் வழித்தோன்றல்களில் தமிழ்க் குடும்பங்கள் பெரும்பங்கு. நேட்டாலிலிருந்தோ ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தோ காரில் புறப்படும் இந்தியக் குடும்பத்துக்கு வழியில் விடுதி அறை கிடைக்காது. சோறு கட்டிக்கொண்டு, உறவினர் வீடுகளில் தங்கித் தங்கிப் போக வேண்டும். பூங்காவை அடைந்த பிறகும், முகாம்கள் பலவற்றைத் தாண்டிச் சென்று, மின்சாரமும் உணவகமும் இல்லாத பலூலேயில் படுக்க வேண்டும். ஆனாலும் மக்கள் வந்தார்கள். யானையைக் காணும் ஆவல் இனத்துக்கு இனம் வேறுபடுவதில்லை. அவமதிப்பை அறிந்தே அதைத் தாண்டி வந்த அந்தக் குடும்பங்களின் நினைவுகள் தமிழில் இன்னும் தொகுக்கப்பட வேண்டியவை.

நிறவெறி ஆட்சி தளர்ந்தபோது இந்த ஒதுக்கீடும் மறைந்தது. பலூலேயில் இன்றும் ஆறு குடில்களே. இன்றும் சாளரமோ மின்சாரமோ இல்லை, இரவில் லாந்தர் விளக்குதான். பழைய காட்டு அனுபவம் வேண்டுவோர் அதை விரும்பித் தேடிச் செல்கின்றனர். அவர்கள் தேர்ந்துகொள்ளும் அதே இருட்டில்தான் முன்பு வேறு வழியில்லாதவர்கள் படுத்திருந்தனர்.

பெருகிய முகாம்கள்

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய வளர்ச்சியைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1960இல் ஆற்றை உச்சியிலிருந்து நோக்கும் குன்றின்மேல் ஒலிபாண்ட்ஸ் முகாம் திறந்தது. அடுத்த ஆண்டுகளில் பூங்காவின் மேற்கெல்லையில் வேலி வந்தது. 1978இல் வனக்காவலருடன் நடந்து சென்று சிறு குடில்களில் தங்கும் நடைப்பயணங்கள் தொடங்கின. 1984இல் எழுந்த பெர்க்-என்-டால் செங்கல் கட்டடங்களோடு வட்டக் குடில் மரபிலிருந்து விலகியது. பார்வையற்றோர் தடவிப் படிக்கும் பிரெயில் பலகைகளோடு வேலியோரம் ஒரு நடைபாதையும் அங்கு அமைந்தது. நீரும் காட்சியும் வேண்டிப் பெரும்பாலான முகாம்களை ஆற்றங்கரையில் வைத்ததற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது: 2000இன் வெள்ளம் ஸ்குகுசாவையும், 2013இன் வெள்ளம் ஷிங்வெட்சியையும் தாக்கின.

1994க்குப் பின் வந்த மக்களாட்சி, பூங்கா தன் செலவைத் தானே ஈட்ட வேண்டும் என்றது. 2000ஆம் ஆண்டையொட்டிப் பூங்காவுக்குள் சில பகுதிகள் தனியார் சொகுசு விடுதிகளுக்குக் குத்தகைக்கு விடப்பட்டன; முகாம்களின் உணவகங்களும் கடைகளும் தனியார் கைக்குப் போயின. 1973இல் ரயில் ஓட்டம் நின்றுபோன செலாட்டிப் பாலத்தின்மேல் 2020இன் இறுதியில் ரயில் பெட்டிகளை நிறுத்தி ஓர் ஆடம்பர விடுதி திறந்தது. அங்கே ஓர் இரவுக்கான கட்டணம் அக்கம்பக்கத்து ஊர்களின் உழைப்பாளிக்கு எட்டாதது. இனத்தால் போட்ட கோடு அழிந்த இடத்தில் பணத்தால் ஒரு கோடு விழுந்திருக்கிறது. எனினும் பழைய பொது முகாம்களின் கூடார நிலங்கள் அதைச் சற்றே மழுப்புகின்றன. அந்த எளிய இடங்களைக் காப்பது காட்டைக் காப்பதற்கு இணையான கடமை என்றே நான் கருதுகிறேன்.

மக்குலேக்கே

பூங்காவின் வடகோடியில், லிம்போபோவும் லுவுவு ஆறும் கூடும் பஃபூரி நிலம் மக்குலேக்கே மக்களுடையது. 1969இல் ஏறத்தாழ 3,000 பேரை அங்கிருந்து பெயர்த்தெடுத்துத் தெற்கே கொண்டுபோய் விட்டனர். அவர்களுடைய நிலம் பூங்காவோடு சேர்ந்தது. நில மீட்புச் சட்டத்தின்கீழ் அவர்கள் தொடுத்த கோரிக்கை 1998இல் வென்றது; சுமார் 24,000 ஹெக்டேர் அவர்களுக்கு உரிமையாயிற்று. உடன்பாட்டின்படி நிலம் காப்பகமாகவே நீடிக்க வேண்டும். உழவும் சுரங்கமும் நிலையான குடியிருப்பும் அங்கே கூடாது. நிர்வாகத்தைச் சமூகமும் பூங்கா நிறுவனமும் கூட்டுக் குழு வழியே நடத்துகின்றன.

சுற்றுலா விடுதிகளுக்கு இடம் கொடுத்து, குத்தகைப் பணமும் வேலையும் பெறும் வழியை மக்குலேக்கே மக்கள் தேர்ந்தனர். ஆற்றோரம் விடுதிகள் எழுந்தன. ஊர் இளைஞர் சிலர் அங்கே வழிகாட்டிகளாகவும் சமையற்காரர்களாகவும் பணிபுரிகின்றனர். பட்டா சமூகத்தின் பெயரில் இருக்கிறது. முன்னோரின் வீடுகள் நின்ற இடத்தில் மீண்டும் வீடு கட்டிக் குடியேறும் உரிமை அந்தப் பட்டாவில் இல்லை. அங்கே இரவு தங்குவோர் கட்டணம் செலுத்திய விருந்தினரும், அவர்களைக் கவனிக்க முறைவைத்து வரும் பணியாளருமே.