வாடகைச் சட்டமும் லயன் அறையும்

வறியோரின் வாடகைச் சுமையைக் குறைத்தற்கு அரசுகள் கையாளும் வழிகள் பல. பிரித்தானியா உதவிப் பணம் வழங்குகின்றது; 2008 முதல் தனியார் வீட்டுக் குடிகளுக்கான அதன் உச்ச அளவு வட்டாரந்தோறும் வேறுபடுகின்றது. இலங்கையோ வாடகையையே கட்டுப்படுத்த முனைந்தது.

போர்க்காலத்தில் 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் தோன்றியது. 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டம் அதனைத் தொடர்ந்தது. இவை குறிக்கப்பட்ட பகுதிகளில், பெரும்பாலும் நகரங்களிலேயே, நடைமுறையிலிருந்தன. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் குடியிருப்போரின் காப்பை மேலும் வலுப்படுத்தியது.

மாத்தளை மாவட்டத் தோட்டங்களில் நிலைமை வேறு. லயன் அறைக்கு வாடகை இல்லை. ஆதலின் அங்கு வாழ்ந்த தொழிலாளி வாடகைக் குடியாகக் கருதப்படவில்லை. தொழிலோடு வந்த கூரை அது. வேலை நீங்கின் உறைவிட உரிமையும் நீங்கிற்று. இக்குறையைச் சட்டசபையில் எடுத்துரைக்க வாக்கு வேண்டும். அதே 1948இல் நிறைவேறிய 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தாலோ தோட்ட மக்களுட் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். பின்னர் வாக்கையும் இழந்தனர்.

எனவே, ஒரே மாவட்டத்தில் நகரத்துக் குடிக்கு ஒரு நீதி, தோட்டத்துக் குடிக்கு ஒரு நீதி என்றாயிற்று. வாடகையின்மை சலுகைபோலத் தோன்றினும், உரிமையின்மையே அதன் மறுபக்கம் என்பதை இவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.